மிஸ்ஸியின் டைமிங் செயின்

முத்துசாமி சிரித்த சத்தம் இரண்டாம் மாடிச் சமையலறை வரைக்கும் கேட்டது. மீன் கழுவிக்கொண்டிருந்த மங்களம் கையை உதறிவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

கீழே கார் நிறுத்துமிடத்தில், மூடி திறந்து கிடந்த சாம்பல் நிற மாரிஸ் மைனருக்கு முன்னால் அவள் புருஷன் தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் நீளமான ஸ்பேனர். இறுகிக் கிடந்த நட்டு ஒன்று சட்டென்று கழன்றதில் பின்பக்கமாக விழுந்திருக்கிறான். காருக்குள் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்த கார்க்காரி புஷ்பராணி இறங்கி ஓடி வந்தாள். அடி ஒன்றும் இல்லையென்று தெரிந்ததும் அவளும் சிரித்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து மங்களம் கேட்டதில்லை. வேலை விட்டு வந்தால் குளிப்பான், சாப்பிடுவான், ரேடியோவைத் திருப்புவான். கேட்டதற்குப் பதில் வரும். கேட்காததற்கு எதுவும் வராது. அவன் சுபாவமே அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், அது சுபாவம் இல்லையோ என்று முதன்முதலாகத் தோன்றியது.

அறுபத்தாறாம் வருஷம். குவீன்ஸ்டவுனில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கில் கார் வைத்திருந்த பெண் புஷ்பராணி ஒருத்திதான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், கல்யாணம் ஆகவில்லை. நர்ஸைக் கூப்பிடுகிற வழக்கப்படி புளோக்கில் எல்லோருக்கும் அவள் மிஸ்ஸி. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார மேட்ரனிடம் அந்தக் காரை வாங்கியிருந்தாள். கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால், தகர டப்பாவில் சங்கிலியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி முன்பக்கத்தில் ஒரு சத்தம்.

முத்துசாமி பஸ் கம்பெனி ஸ்டோரில் கிளார்க். நாள் பூராவும் மெக்கானிக்குகளுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பவன், ஒரு சாமானையும் தன் கையால் மாட்டியவன் இல்லை. ஆனாலும் மாடிப்படியருகே மிஸ்ஸியைப் பார்த்தபோது, அது எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் தளர்ந்த சத்தம் என்று சொல்லியிருக்கிறான். தன்னிடம் அந்தக் காரின் ரிப்பேர் புத்தகம் இருக்கிறது, பட்டறைக்கு விடாமல் தானே மாற்றிப் பார்க்க ஆசை, கூட ஒரு ஆள் இருந்தால் தைரியம் என்று அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்று அவன் ஒப்புக்கொண்டான்.

முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேருமாகச் சையது ஆல்வி ரோட்டுக்குப் போய்ப் புதுச் செயின் வாங்கி வந்தார்கள். அப்படியே சிராங்கூன் ரோட்டில் தோசையும் சாப்பிட்டார்கள். இதை யாரும் வந்து மங்களத்திடம் கோள் சொல்லவில்லை. முத்துசாமியே சொன்னான், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே. அவன் ஒளித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன அன்றைக்குத் தவிர அவன் அவளை அந்தப் பக்கம் கடையில் உட்கார்த்திச் சாப்பிட வைத்ததில்லை.

இப்போது கீழே புஷ்பராணி புத்தகத்தைப் பிரித்து இங்கிலீஷில் உரக்கப் படித்தாள். அவன் குனிந்து செய்தான். புரியாத இடத்தில் இரண்டு தலையும் புத்தகத்துக்கு மேல் சேர்ந்து குனிந்தன. அவள் அவனை "மிஸ்டர் முத்துசாமி" என்று கூப்பிட்டாள். மங்களம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள். அந்த "மிஸ்டர்" அவள் காதில் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விழுந்த மாதிரி விழுந்தது.

மத்தியானம் தேத்தண்ணி கலக்கித் தட்டில் வைத்துக் கீழே கொண்டுபோனாள். கார்ப் பக்கம் யாரும் இல்லை. இரண்டு பேரும் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ரேடியேட்டரைக் கழற்றி ஓரமாகச் சாய்த்திருந்தார்கள். எஞ்சினின் முன்மூடி எடுக்கப்பட்டு, பழைய செயினும் அது ஓடும் இரண்டு பல்சக்கரங்களும் நாளிதழின் மேல் கிடந்தன. பக்கத்தில் மைலோ டின் மூடி ஒன்றில், அரை நிலா வடிவத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. பெரிய சாமானெல்லாம் வெறும் தாளில் கிடக்க, இதை மட்டும் தனியாக மூடியில் வைத்திருக்கிறார்கள் என்றால் இது முக்கியமானது.

யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. தட்டை வைத்தாள், துண்டை எடுத்தாள், முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தேத்தண்ணியை அங்கேயே விட்டுவிட்டு மாடி ஏறினாள்.

வேலை நின்றுபோகும், மிஸ்ஸி முகம் கோணிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவாள், இவன் மேலே வந்துவிடுவான் என்று எதிர்பார்த்து ஜன்னலுக்கு வந்தாள். நடந்தது வேறு. இரண்டு பேரும் முட்டி போட்டுத் தேடினார்கள். தோளோடு தோள் இடிக்கக் காருக்கடியில் புகுந்தார்கள். புஷ்பராணி துடைப்பம் கொண்டுவந்து அந்த இடம் முழுக்கக் கூட்டி, குப்பையை விரலால் அளைந்து பார்த்தாள். முத்துசாமி காருக்கடியில் கையை நீட்டித் துழாவியபோது ஏதோ தகட்டு விளிம்பு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. புஷ்பராணி அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். தன் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் ரத்தம் நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். நர்ஸ் அப்படித்தான் செய்வாள். அது மங்களத்துக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? அந்தக் கையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது தான்தான் என்பதும் தெரிந்ததே.

முத்துசாமி மேலே வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தான். கேட்காமலே பேசினான்.

"அரைநிலா மாதிரி ஒரு கீ மங்களம். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அதுதான் பல்சக்கரத்தை நடுத் தண்டோட சேத்துப் பிடிக்கும். அது இல்லேன்னா தண்டு ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். எங்க ஸ்டோர்ல இருக்கறதெல்லாம் பஸ்ஸுக்கு உள்ளது, சேராது. கடையெல்லாம் இன்னிக்கு அடைச்சிருக்கு. மிஸ்ஸிக்கு நாளைக்கு விடியக்காலை டூட்டி."

இத்தனை வார்த்தையை ஒரே மூச்சில் அவன் அவளிடம் பேசியதே இல்லை. ரசம் கொதித்துப் பொங்குவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"நீ வந்து பாரேன்" என்றான். "அரிசியில ஒரு கல்லு தப்பாது உன் கண்ணுக்கு."

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. தன் இடுப்பில் இருப்பதைத் தேடுவதற்காகப் புருஷன் பின்னாலேயே படி இறங்கினாள். புஷ்பராணி பாவாடையெல்லாம் மண்ணாக எழுந்து நின்று, "வாங்கோ அக்கா" என்றாள். மங்களம் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகை அவர்களுக்குக் காட்டிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள்.  துண்டைத் தரையில் வைத்து, கொஞ்சம் பொறுத்து, "இதுவா பாருங்க" என்றாள். 

முத்துசாமி ஓடிவந்து எடுத்தான். "இவ கண்ணுக்குத் தப்பாதுன்னு நான் சொன்னேன்ல மிஸ்ஸி" என்று இரண்டு தரம் சொன்னான். இன்னொருத்தி முன்னால் அவன் அவளைப் பெருமையாகச் சொல்வதைக் கேட்க மங்களம் எவ்வளவோ ஆசைப்பட்டிருக்கிறாள். கேட்டபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. புஷ்பராணி சக்கரத்துக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்தாள், மங்களத்தின் முந்தானையைப் பார்த்தாள், பிறகு புத்தகத்தைத் திறந்தாள்.

இரண்டு பல்சக்கரத்திலும் ஒவ்வொரு புள்ளி குத்தியிருந்தது. புள்ளியும் புள்ளியும் எதிரெதிரே நிற்கும்படி வைத்துத்தான் செயினைப் போட வேண்டுமாம். முதல் தடவை ஒரு பல் தள்ளிப் போய்விட்டது. கழற்றி மறுபடி போட்டார்கள். வெயில் சாய்ந்தபோது ரேடியேட்டரை மாட்டித் தண்ணீர் ஊற்றி, புஷ்பராணி சாவியைத் திருப்பினாள். கார் இருமியது, பிறகு ஓடியது. பழைய சத்தம் இல்லை.

ஒரு சுற்றுப் போகலாம் என்று அவள் கூப்பிட்டாள். மங்களம் பின்சீட்டில் ஏறினாள். முன்னால் இருந்த இருவரும் காமன்வெல்த் அவென்யூ நெடுக எஞ்சினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அவளும் காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். அவர்களுக்கு என்ன கேட்கிறதென்று அவளுக்கு விளங்கவேயில்லை.

அதற்குப் பிறகு மிஸ்ஸி அவனை எதற்கும் கூப்பிடவில்லை. படியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. முத்துசாமி பழையபடி ரேடியோவுக்குத் திரும்பினான். மங்களத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் நெஞ்சு அடங்கவில்லை. கைக்காயம் ஆறி வடுவான பிறகும், சோறு பிசையும்போது அவன் உள்ளங்கையைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. அவளிடம் பேசியதில் பாதி என்னிடம் பேசக் கூடாதா என்று மனசு ஓயாமல் கேட்டது. ஒரு நாள் அவன் வேலைக்குப் போனதும் கீழே இறங்கிப் போய் மிஸ்ஸி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அன்னிக்கு நாந்தான் எடுத்தேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும் அக்கா. அந்த இடத்தை நான் ரெண்டு தரம் கூட்டினனான்."

"ஏன் அவருகிட்ட சொல்லல?"

"சொல்லி என்ன செய்யிறது? எனக்குக் கார் ஓட வேணும். ஓடிச்சுது."

மங்களம் கதவுப் பிடியைத் தடவிக்கொண்டு நின்றாள். கேட்க வந்தது வேறு. கேட்டுவிட்டாள். "உங்களுக்கு அவர் மேல ஏதாச்சும் இருக்கா?"

புஷ்பராணி துவைத்த யூனிபார்மை மடித்து ஓரமாக வைத்தாள்.

"ரெண்டு நாளும் எனக்குச் சந்தோஷமா இருந்தது. அதை இல்லையெண்டு சொல்லமாட்டன். அவரோட கதைக்கிறது நல்லா இருந்தது. அதுக்கு மேல ஒண்டும் இல்லை, வரவும் விடமாட்டன். அதுதான் பிறகு கூப்பிடேல்லை."

ஒன்றுமே இல்லை என்று அவள் சத்தியம் செய்திருந்தால் மங்களம் நம்பியிருக்க மாட்டாள். இதை நம்பினாள். நம்பினதால் வலித்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பி ஏறின படியெல்லாம் முன்பு போல் கனக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாடு ஆனதும், முத்துசாமி ரேடியோப் பக்கம் போவதற்கு முன்னால் மங்களம் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அந்தச் செயின் எதுக்கு, அது என்னதான் செய்யும் என்று கேட்டாள். அவன் விளையாட்டாகக் கேட்கிறாளோ என்று பார்த்தான். பிறகு இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, கயிற்றைச் சுற்றிக் காட்டினான். கீழே ஒரு சக்கரம், மேலே ஒரு சக்கரம், மேலே உள்ளது சுற்றினால் வால்வு திறந்து மூடும். பாதி அவளுக்குப் புரியவில்லை. மிஸ்ஸியிடம் சொல்லும்போது இப்படிக் கிண்ணம் வைத்திருக்கத் தேவையிருந்திருக்காது என்ற நினைப்பு முள்ளாகக் குத்தத்தான் செய்தது. இருந்தாலும் எழுந்து போகவில்லை. மறுபடி சொல்லுங்க என்றாள். அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான்.

"சரி, ஒரு சக்கரம் சின்னது, ஒண்ணு பெரிசுன்னீங்களே. அது ஏன் அப்படி? ரெண்டும் ஒரே அளவு இருந்தா என்ன?"

முத்துசாமி கயிற்றைப் பிடித்தபடியே யோசித்தான். "அது புத்தகத்துல போட்டிருந்துச்சு. மறந்துபோச்சு. மிஸ்ஸியைத்தான் கேக்கணும்."

"கேளுங்க" என்றாள் மங்களம். "நானும் வர்றேன்."