மூணு கலர் தாள்

"அந்தச் சிவப்புத் தாளை எதுக்குக் குப்பையில போட்டே?"

"மிட்டாய் சுத்தின தாள்தானே, அதுக்குப் போய்—"

"மிட்டாய்த் தாளா? காப்பகத்து டீச்சர் சிட்டுவுக்குன்னு குடுத்தது. கண்ணுல வச்சுக்கிட்டு வீடே சிவப்பாயிடுச்சுன்னு குதிச்சாளே, அதை—"

"ஆமா, டீச்சர்! பல் தேய்க்கும்போது டீச்சர், சோறு ஊட்டும்போது டீச்சர். பெத்தவ நான் ஒருத்தி இங்க இருக்கேன்!"

"மெதுவாப் பேசு, சிட்டு முழிச்சுக்குவா. 'அம்மா எப்போ வருவா'ன்னு இவ கேக்கறப்பல்லாம் 'இருட்டினதும் வருவாங்கடா'ன்னு சமாதானம் சொல்றது யாரு? அவங்கதானே?"

"பாருங்க, அதையும் அவளே சொல்லிடறா!"

கணவனிடம் அதற்கு மேல் பேசாமல் வாயை மூடிக்கொண்டாள்; மனசை மூட முடியவில்லை. குளிர்காலம் வந்ததிலிருந்தே இப்படித்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு அவள் கிளம்பும்போது விடிந்திருக்காது. விரிப்புகளை இஸ்திரி போட்டு மடித்துவிட்டு, பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் இருந்து சிட்டுவை அழைக்கப் போகும்போது தெருவிளக்கு எரியும். இருக்கிற துளிப் பகலும் அந்த டீச்சருக்கே.

அன்று சாயங்காலம் அவளும் முயன்றுதான் பார்த்தாள். விளக்கை அணைத்து, டார்ச் அடித்து, சுவரில் விரலால் முயல் காட்டினாள்.

"இது கழுதை," என்றாள் சிட்டு. "டீச்சர் முயல்தான் காதை ஆட்டும்."

தாள் குப்பைக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

"நாளைக்கு அரைநாள் லீவு போடறேன். வெயில் இருக்கும்போதே போய்க் கூட்டிட்டு வந்து நானும் விளையாடறேன்," என்றாள் கடைசியில்.

"என்ன, டீச்சரோட போட்டியா?"

"போட்டின்னே வச்சுக்கோங்க!"

மறுநாள் வழியில் கடையில் நுழைந்து சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கண்ணாடித்தாள் வாங்கினாள். டீச்சர் கொடுத்தது ஒன்று, இவளிடம் மூன்று.

காப்பகத்தின் கதவருகே நின்று எட்டிப் பார்த்தாள். தாழ்ந்த வெயில் ஜன்னல் வழியே எதிர்ச்சுவர் வரை சாய்ந்து கிடந்தது. டீச்சர் தரையில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியால் வெளிச்சப் பொட்டைச் சுவரெங்கும் ஓடவிட, பிள்ளைகள் விழுந்தடித்துத் துரத்தினார்கள். பொட்டு சிட்டுவின் வயிற்றில் வந்து உட்கார்ந்தது. "புடிச்சிட்டேன்!" இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு டீச்சர் மடியில் சாய்ந்து அப்படி ஒரு சிரிப்பு. இந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்ததே இல்லை.

"அட, வாங்கக்கா! சிட்டு, யாரு வந்திருக்கா பாரு."

அவள் மூன்று தாளையும் விசிறியாக விரித்து நீட்டினாள். "வாடா தங்கம், அம்மா என்ன கொண்டு வந்திருக்கேன் பாரு!"

சிட்டு எழுந்திருக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

"போம்மா, இன்னும் இருட்டவே இல்லையே."