ஈரத்துக்கு மயங்காத இழை

ஆய்வுக்கூடத்தில் அவளை நூல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளீய உப்பைப் பசையோடு சேர்த்துக் கரைத்து, ஊசிமுனைக்கு மின்சாரம் கொடுத்து இழுப்பாள். முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை வந்து தகட்டில் படியும். உலையில் சுட்டால் பசை எரிந்துபோய், வெள்ளீய ஆக்சைடு மட்டும் இழையாக மிஞ்சும். அமோனியா லேசாகப் பட்டாலும் அதில் ஓடும் மின்சாரம் மாறும், அதை வைத்து அவள் செய்த கருவி கத்தும்.

கருவியை முதலில் மாட்டியது அவள் அக்கா மீன் பொதி கட்டும் குளிர்கிடங்கில். அமோனியாவால் குளிரூட்டுகிற இடம். மேலாளரிடம் கேட்டு அனுமதி வாங்கித் தந்ததே அக்காதான். மாட்டிய மறுநாளிலிருந்து, மத்தியானமானால் கருவி விடாமல் கத்தியது.

"எங்க மீட்டர் கம்முன்னு இருக்கு. உங்க பொம்மைக்கு இந்த ஈரம் ஒத்துக்கல போல. கழட்டிக்கிட்டுக் கிளம்புங்க," என்றார் மேலாளர்.

பேராசிரியரும் போனில் அதையே சொன்னார். "எதுக்கும்மா வம்பு? நாளைக்கு ஒரு கம்பெனிக்காரனும் நம்மள உள்ள விடமாட்டான்."

"கழட்ட மாட்டேன் சார்."

அவரிடம் இதுவரை அவள் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அக்காவின் கண்கள் மாதக்கணக்காகச் சிவந்து கிடந்தன. தூக்கம் போதவில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கருவியைச் சுவரிலிருந்து இறக்கி மேலாளர் அறைக்கே கொண்டுபோனாள். தேநீருக்கு வைத்திருந்த கெட்டிலைக் கொதிக்கவிட்டு, கருவிக்கு மின்சாரம் கொடுத்து ஆவியில் பிடித்தாள். விளக்கு எரிந்தது, சத்தமே இல்லை.

"ஈரத்துக்கு இது மயங்காது சார். அதுக்காகத்தான் ரெண்டு வருஷமா இதோட மாரடிக்கிறேன். உங்க மீட்டர், ஆள் மயங்கி விழற அளவுக்கு வந்தாத்தான் வாயத் திறக்கும்."

திரும்பக் கொண்டுபோய் மாட்டியதும் கருவி அலறியது. பின்னாலேயே வந்த மேலாளர் ஒயரைப் பிடுங்கினார்.

"நாடகம் போதும். வேலையப் பாருங்க."

அக்கா கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அது வாய மூடிட்டீங்க. எங்க கண்ணு எரியுதே, அத என்ன செய்வீங்க? பைப்பப் பாக்கற வரைக்கும் நாங்க இங்க நிக்கமாட்டோம்."

"தங்கச்சி பேச்சக் கேட்டு வேலைய விடப்போறியா?"

"விடல சார். வாசல்ல நிக்கறோம்."

அவள் வெளியே நடக்க, மற்ற பெண்களும் ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றினார்கள்.

பொதி கட்ட ஆளில்லாமல் பெட்டிகளில் மீன் நெகிழத் தொடங்கியபோது, மேலாளர் கூப்பிட்டு மெக்கானிக் வந்தார். சுவரோரக் குழாயின் மேலுறையைக் கிழித்தவர், முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். உள்ளே இணைப்பு துருப்பிடித்து அரித்திருந்தது. மத்தியான வெயிலில் இயந்திரம் முழுவேகத்தில் ஓடும்போதெல்லாம் அங்கே கசிந்திருக்கிறது.

மேலாளர் மன்னிப்பு கேட்கவில்லை. இனி உங்கள் ஆய்வுக்கூடத்தோடு எந்த வேலையும் கிடையாது என்று மட்டும் சொன்னார். பேராசிரியர் ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும் என்று அவள் ஊசிக்குக் கரைசல் நிரப்பினாள்.

திரும்ப ஒயர் செருகிய கருவி மட்டும் சுவரைவிட்டு இறங்கவில்லை. அதன் விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் அந்தப் பெண்கள் யாரும் பொதி கட்டும் அறைக்குள் கால் வைப்பதில்லை.

"ஐஸ் ரூமுக்கும் ஒண்ணு வேணும்டி," என்றாள் அக்கா. "எப்பத் தர்ற?"

"உள்ள விடுவாரா?"

"கேட்டா விடமாட்டாரு. நான் மாட்டிட்டுச் சொல்லிக்கறேன்."