கருப்புக் குதிரையின் லாடம்

கருப்புக் குதிரையில் எந்த மாப்பிள்ளையும் ஏறமாட்டான் என்பது எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் வீட்டுக்காரர் மோகன்ராஜுக்கு மட்டும் தெரியவில்லை. திருப்பதிக் கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று, மலிவாகக் கிடைத்த கன்னங்கரேலென்ற ஒரு பெண் குதிரையை எங்கள் வடமாலபேட்டைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். சாந்தி என்று பெயரும் வைத்தார். ஒரு கல்யாணத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை.

விடிந்தால் அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கொள்ளு ஊறவைப்பது நான், புல் அறுத்து வருவது நான், லத்தி அள்ளுவதும் நான். மூத்திர நாற்றம் கொல்லையில் கிளம்பி அடுப்படிக்கு வந்து, சோற்றுத் தட்டில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் இட்லி மாவில் குதிரை மயிர் கிடந்தது. அவர் அதை எடுத்துப் போட்டுவிட்டு அந்த மாவிலேயே இட்லி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார். சீ, அதுவும் ஒரு வயிறா?

நான் வேலை செய்வது மாம்பழக் கூழ் கம்பெனியில். அங்கே நாகபூஷணம் என்று ஒரு சூப்பர்வைசர். கேட்டிலேயே எல்லாருடைய நகத்தையும் பார்ப்பார். என்னிடம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார். "குதிர வாசன வஸ்துந்தம்மா காஞ்சனா. போய் கை கால் கழுவிக்கினு வா" என்று தெலுங்கு கலந்து சொல்வார், அத்தனை பேர் முன்னாலும். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டுப் போகிறவள் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

இதோடு நின்றிருந்தால் தேவலை. ஆட்டோவில் ஏறிய யாரோ ஒருவன், கருப்புக் குதிரை போட்டு நடந்த லாடத்தை வாசற்படியில் அடித்தால் சனி தோஷம் போகும் என்று சொன்னானாம். மோகன்ராஜ் பிடித்துக்கொண்டார். கடையில் விற்கிற லாடத்தை யாரும் நம்புவதில்லை, கண்ணெதிரே காலிலிருந்து கழற்றித் தரவேண்டும். ஆகவே சனிக்கிழமைதோறும் லாடம் கட்டும் கன்னையா வருவார். லாடத்தைப் பிடுங்குவார். வந்தவர்கள் வீடியோ எடுத்துக்கொள்வார்கள். உடனே புதிதாக ஒன்றை அடிப்பார். அடுத்த வாரம் அதையும் பிடுங்குவார். மாதக்கணக்கில் இருக்கவேண்டியதை வாராவாரம் பிடுங்கினால் குளம்பு என்ன ஆகும்? ஆணித் துளைகளாகி, ஓரமெல்லாம் பிய்ந்து தொங்கியது.

போன வாரம் சாந்தி முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. தவிட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதன்மேல் ஆசையெல்லாம் கிடையாது. ஆனாலும் வாயில்லாத ஜீவன் மூன்று காலில் நிற்பதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை. கன்னையாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

"ஆணி எறங்க எடமே இல்லம்மா. நாலு லாடத்தையும் கழட்டிட்டு கொளம்பு வளர்ற வரிக்கும் சும்மா வுடணும். இன்னும் ஒரு ஆணி எறங்குச்சின்னா இது அப்பறம் நடக்காது."

அப்படிச் சொன்னதை மோகன்ராஜும் கேட்டார். "இந்த ஒரு சனிக்கெழம மட்டும்ணா. பெரிய பார்ட்டி, வாக்கு குடுத்துட்டேன்" என்றார்.

சனிக்கிழமை வந்த பெரிய பார்ட்டி நாகபூஷணம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம், கையில் மஞ்சள் துணி. திருப்பதியில் புது வீடு கட்டியிருக்கிறாராம். என்னைப் பார்த்ததும், "இது உங்க குதிரையா? ரொம்ப சந்தோஷம்மா" என்று சிரித்தார்.

நான் சாந்தியின் காலைத் தூக்கிக் காட்டினேன். "பாருங்க சார், சீப்புடிச்சிக்கினு கீது."

எப்படியும் கழற்றவேண்டிய லாடம்தான். கன்னையா கழற்றினார். உள்ளேயிருந்து சீழும் ரத்தமும் கொழகொழவென்று வழிந்தன. செத்த எலி நாற்றம். இவர் இப்போது ஓடிவிடுவார் என்று நினைத்தேன். அவர் இன்னும் கிட்டே வந்து வீடியோ எடுத்தார்.

"பரவாலேதம்மா. பசும்பால்ல கழுவிட்டா சரியாப்பூடும். இலாகே இவ்வண்டி, அப்படியே குடுங்க" என்று கையை நீட்டினார்.

கன்னையா கையிலிருந்த லாடத்தைப் பிடுங்கி லத்திக் குழியில் வீசினேன். மழைத் தண்ணீர் தேங்கி, புழு நெளிகிற குழி. நாகபூஷணம் என்னை முறைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, குழியோரம் முழங்கால் போட்டு, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். கிடைத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மஞ்சள் துணியில் சுற்றினார்.

"எங்க பாவமரிதிக்கும் ஒண்ணு வேணும். அடுத்த சனிக்கெழம மச்சானக் கூட்டிக்கினு வரேன்."

"சரிங்க சார், இப்பவே புதுசு அடிச்சி வச்சிடறோம்" என்று மோகன்ராஜ் கோணியிலிருந்து லாடத்தை எடுத்தார்.

நான் கீழே உட்கார்ந்து சாந்தியின் காலை என் தொடைமேல் வைத்து, குளம்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். சீழ் புடவையில் இறங்கியது.

"அடி. என் கை மேல அடிய்யா."

"சார் பாத்துக்கினு கீறாரு. உன் வேல பூடும்" என்றார் மோகன்ராஜ், மெதுவாக.

"போவட்டும். இந்தக் கால்ல இனிமே ஆணி எறங்காது."

கன்னையா சுத்தியலைப் பைக்குள் போட்டார். நாகபூஷணம் மஞ்சள் துணியை இறுக்கி முடிந்துகொண்டார். காருக்குப் போகும்போது திரும்பிப் பார்த்து, "மண்டே நல்லா குளிச்சிட்டு வாம்மா. நாத்தம் தாங்கல" என்றார். அவர் முழங்கையிலிருந்து லத்தித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மத்த மூணையும் கழட்டுங்கண்ணா" என்றேன்.

கன்னையா பின்னங்காலைத் தூக்கினார். மோகன்ராஜ் தடுக்கவில்லை. நல்லவேளை, இந்த மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"ஒரு நிமிஷம் இருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்தார். "கழட்டறத வீடியோ எடுத்துக்கறேன். இல்லாங்காட்டி அப்பறம் எவனும் நம்பமாட்டான்."

நான் அவர் பக்கம் காறித் துப்பிவிட்டு, சாந்தியின் காலைக் கழுவத் தொடங்கினேன்.