இருபத்தெட்டாயிரத்தில் நின்ற சோதனை

ரீக்கா இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய சர்வர் மென்பொருளை அரை நாளில் சாகடித்தவன் நான். ஒன்பது வருடம் அவளோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவனும் நான்தான்.

கல்லூரி சேர்க்கை முடிவு வெளியாகும் காலையில் ஃபின்லாந்தே ஒரே நேரத்தில் எங்கள் இணையதளத்தில் வந்து முட்டும். ஐம்பதாயிரம் இணைப்புகளையாவது சர்வர் தாங்க வேண்டும். தாங்குமா என்று என் கணினியிலிருந்து பொய்க்கூட்டத்தை ஏவிப் பார்ப்பதுதான் தம்பெரே நகரில் எனக்குப் பிழைப்பு. ரீக்காவின் சர்வர் மீது ஏவினேன். இருபத்தெட்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. மூன்று முறையும் அதே இடம்.

ரீக்கா திரையைப் பார்த்தாள். "சர்வர் வேலையே இல்லாம கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருக்கு ஓஸ்மோ. உன் மெஷினோட நெட்வொர்க் செட்டிங்ஸைக் கொஞ்சம் பாரேன்."

"பதினஞ்சு வருஷமா இதத்தான் பண்றேன். நீ பெத்த சர்வர்னா குத்தமே இருக்காதோ?"

அவள் தன் இருக்கைக்குத் திரும்பிப் போனாள். எங்கள் ஃபின்லாந்து ஆட்கள் எதையும் இரண்டாம் முறை சொல்ல மாட்டார்கள். ஒப்புக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன், மடையன். 'தாங்காது' என்று அறிக்கை எழுதி, மீட்டிங்கில் அவளையும் வைத்துக்கொண்டே படித்தேன். மேலிடம் வெளியிலிருந்து ஒரு சர்வரை வாங்கிவிட்டது. பனி உருகும்போது ரீக்கா வேலையை விட்டாள், என்னையும் விட்டாள்; ஔலு நகரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சர்வர் போன துக்கம், ஆறியதும் வருவாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மேலிடம் வாங்கிய அந்தச் சர்வரைப் போன வாரம் சோதித்தேன். அதுவும் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. அப்போதுதான் என் கணினியின் நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன்.

ஒவ்வொரு இணைப்புக்கும் சோதிக்கும் கணினி தன் பக்கத்தில் ஓர் எண் ஒதுக்க வேண்டும், போர்ட் என்போம். செட்டிங்ஸில் யாரும் கை வைக்காத கணினியில் அப்படி இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் எண்கள்தான் இருக்கும். இணைப்பு முடிந்தாலும் அந்த எண் ஒரு நிமிடம் காலியாகாது. எண்கள் தீர்ந்து மூச்சுத் திணறியது என் கணினி. பழியைச் சர்வர் தலையில் கட்டியிருக்கிறேன்.

இரண்டே வரி மாற்றினேன். எண்களின் வரம்பை விரித்தேன். முடிந்த எண்ணை உடனே திரும்ப எடுக்க விட்டேன். பிறகு ரீக்காவின் பழைய சர்வரை எழுப்பி அதே கூட்டத்தை ஏவினேன். ஐம்பதாயிரம் தாண்டியது. அறுபதாயிரத்திலும் அலட்டிக்கொள்ளவில்லை. சோதனை அறையில் உட்கார்ந்து அழுதேன்.

அவளைக் கூப்பிட்டேன். "நீ சொன்னதுதான் சரி. தப்பு என் மெஷின்லதான்."

"தெரியும். அன்னிக்கே வேற மெஷின்ல போட்டுப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் மீட்டிங்ல வாயே தொறக்கல?"

"அங்க ஜெயிச்சு என்ன பண்ண? உனக்கு என் வார்த்தை போதுமான்னு பாத்துட்டிருந்தேன்."

"அறிக்கையை மாத்தி அனுப்பறேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். வீட்டுக்கு வந்துடு ரீக்கா."

அந்தப் பக்கம் யாரோ அடுப்பில் எதையோ கிளறும் சத்தம் கேட்டது.

"இப்பவும் பாரு," என்றாள், கோபமே இல்லாமல். "உன் மெஷின் சொன்னப்புறம்தான் என்னை நம்பற."

 போனை வைத்தாள்.