வெயில் வந்தால் முணுமுணுக்கும் அறை

அக்காவின் மாமியார் உயிரோடு இருந்தபோது பகல் முழுக்க ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். இருட்டியதும் அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிடுவார். செத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை என்று அக்கா போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. மாமியாரின் அறையில், துணி அலமாரிக்குப் பின்னாலிருந்து சத்தம் வருகிறதாம். வெயில் ஏறினால் ஆரம்பிக்குமாம், மேகம் மறைத்தால் நின்றுவிடுமாம். கைக்குழந்தையை அந்த அறையில்தான் தொட்டிலில் போடுகிறாள்.

"அந்தச் சத்தம் கேட்டாத்தான்டி உடனே தூங்குறான்" என்றாள்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. பேய்க்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை நான். அந்த வீட்டு மாடியில் சோலார் பேனல் மாட்டியது என் அத்தான் என்பதுதான் என் பயம்.

அத்தானைக் குறை சொல்ல முடியாது. வீட்டு வயரிங்கில் கில்லாடி. அவர் போட்ட சுவிட்ச் போர்டு ஒன்றுகூடப் புகைந்ததில்லை. ஆனால் நான் சோலார் மாட்டுவதற்கென்றே தனியாகப் படித்து, கூரைமேல் ஏறிப் பரீட்சை கொடுத்துச் சான்றிதழ் வாங்கினேன். மீட்டர் வைத்துப் பார்க்காமல் வயரைத் தொட்டதற்கு முதல் தடவை பெயில் ஆக்கினார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் மனிதர். வெயிலில் காய்வதற்கு எதற்குச் சர்டிபிகேட், கொடியில் கிடக்கிற துணிகூடத்தான் காய்கிறது என்றார். அன்றிலிருந்து என்னை அவர் கூப்பிடுவதே "சர்டிபிகேட்" என்றுதான். அக்கா வீட்டு மாடி வேலைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். உச்சிவெயில். அறையில் ஜன்னல் திறந்து பளிச்சென்று இருந்தது. தொட்டிலில் பிள்ளை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு தனக்குத்தானே யாரோ பேசுகிற மாதிரி, நடுநடுவே மூச்சு வாங்குகிற மாதிரி. ஜன்னலில் வெளிச்சம் மங்கியது, சத்தம் நின்றது. வெளிச்சம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அது என்னவென்று எனக்குப் பாதி தெரியும். தெரிந்தும் உடம்பெல்லாம் புல்லரித்தது.

பிள்ளையைத் தூக்கி அக்கா கையில் கொடுத்தேன். அதற்குள் அத்தானும் வேலையிலிருந்து வந்துவிட்டார். இரண்டு பெண்களும் சேர்ந்து பேயைப் பிடித்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே மெயினை இறக்கினார். நடையில் இருந்த இன்வெர்ட்டரையும் நிறுத்தினார்.

"இனி இந்த வீட்ல ஒரு சொட்டு கரண்ட் கிடையாது" என்றார்.

விசிறி ஓய்ந்தது. பிரிட்ஜ் ஓய்ந்தது. வீடே வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதியில் முணுமுணுப்பு மட்டும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது.

"அத்தை" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து. பிள்ளையை இறுக்கிக்கொண்டு வாசல்படியோடு நின்றுவிட்டாள்.

அத்தான் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆளா? அலமாரிக் கதவைத் திறந்து, இன்னும் தொங்கிக்கொண்டிருந்த தன் அம்மாவின் துணிகளை ஒதுக்கி, பின்பலகையைப் பெயர்த்தார். மாடியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய் தெரிந்தது. சத்தம் அதற்குள்ளிருந்துதான். ஒரு கையில் கட்டரோடு, மறுகையை வெறுமையாகக் குழாயை நோக்கி நீட்டினார்.

நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் கட்டிலில் போய் விழுந்தார்.

"பைத்தியமாடி உனக்கு? மெயினை இறக்கியாச்சு!"

"மேல வெயில் அடிக்குதே அத்தான், அதை யாரு இறக்குறது?"

வீட்டு வயர் மெயினோடு செத்துவிடும். பேனலிலிருந்து வரும் வயர் அப்படி இல்லை. வெளிச்சம் விழுகிறவரைக்கும் அதற்கு உயிர் உண்டு. வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதுதான். அத்தான் வீட்டு வயரை இழுக்கிற வழக்கத்தில் பேனலின் பிளஸ், மைனஸ் இரண்டு வயரையும் ஒரே இரும்புக் குழாயில் இழுத்திருந்தார். குழாயின் அறுத்த விளிம்பு உரசி உரசி வயரின் தோல் கிழிந்து, உள்ளே தீப்பொறி பறந்து நெருப்பு பேசிக்கொண்டிருந்தது.

வீட்டில் இருக்கிற போர்வை எல்லாவற்றையும் கேட்டேன். ரப்பர் கையுறை, பூட்ஸ் போட்டுக்கொண்டு மாடியேறி ஒவ்வொரு பேனலாக மூடினேன். கீழிருந்து அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள், இன்னும் பேசுகிறார், இப்போது மெதுவாகப் பேசுகிறார் என்று. கடைசிப் பேனலின் மேல் விரிக்க மிஞ்சியது மாமியாரின் பழைய போர்வை. அதை இழுத்து மூடும்போது ஒரு முகத்தை மூடுவதுபோல் இருந்தது, சத்தியமாக. கீழே சத்தம் நின்றது. அக்கா அழுகிற சத்தம் கேட்டது.

இறங்கி வந்து பார்த்தேன். அத்தான் பெயர்த்த பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாய்ப் பக்கம் முழுக்கக் கரி. அவர் அம்மாவின் துணிகளில் ஓரம் சூட்டில் பழுத்திருந்தது. அதற்கு ஒரு கை தூரத்தில் தொட்டில்.

அவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன். வேறு கேள்வி வந்தது.

"அத்தான், இதே மாதிரி வேற எங்கெல்லாம் மாட்டினீங்க?"

எழுந்து தெருவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். எதிர்வீட்டைக் காட்டினார். அதற்கு அடுத்ததை. பிறகு கையைத் தெருக்கோடிவரை கொண்டுபோய் அப்படியே தொங்கவிட்டார். எல்லாமே இதே குழாய், இதே வேலை. வயரை மறைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று.

எதிர்வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று அத்தான் கேட்டார். அந்த அம்மா சிரித்தார்.

"சுவத்துக்குள்ள எலி இருக்கு தம்பி. அதிசயமான எலி, பகல்ல மட்டும்தான் வருது."

மேகம் விலகி, தெரு முழுக்க வெயில் விழுந்தது. அந்த வீட்டுத் திறந்த ஜன்னலுக்குள் யாரோ மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் போர்வையெல்லாம் மாடியில் இருந்தது.

"அம்மா," என்றார், எதிர்வீட்டு அம்மாவிடம் திரும்பி. "உங்க வீட்ல எத்தனை போர்வை இருக்கு?"