மைக்கை அடக்கிய பாட்டு

"ரெண்டு பேரும் எந்திரிங்க அக்காமாரே! ஒரே ஒரு முத்தம். எல்லாரும் போனைத் தயாரா வச்சுக்கோங்க!"

மைக்கில் ம்சுகிசி. குகுலேத்துப் பேட்டையின் கல்யாணக் கூடாரங்களுக்கெல்லாம் அவன்தான் அறிவிப்பாளன்.

நொந்தாண்டோவுக்குக் காது சுட்டது. பக்கத்தில் அவள் காதலி சிந்திஸ்வா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணமகன் சிந்திஸ்வாவின் அண்ணன். பெண்ணோடு வாழப் போனவள் என்று தன்னை ஒதுக்கிய வீட்டுக்கு, அவன் கெஞ்சியதால் இன்றுதான் திரும்பியிருந்தாள். "அசிங்கப்படுத்தினா எழுந்து போயிடுவேன். அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்" என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தாள்.

"வெக்கத்தைப் பாருய்யா! சரி, உங்கள்ல யாரு மாப்பிள்ளை? அதையாவது சொல்லுங்க, எங்களுக்குத் தூக்கம் வரணும்ல!"

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. போன்கள் உயர்ந்தன. சிந்திஸ்வாவின் கை கைப்பையைத் தேடியது.

குகுலேத்துவில் மைக் பிடித்தவனைப் பேசி நிறுத்த முடியாது. பாடித்தான் நிறுத்த வேண்டும். சாவு வீடோ, கல்யாண வீடோ, பாட்டு எழுந்துவிட்டால் பேச்சு அடங்கியே ஆக வேண்டும். ஆனால் எடுத்த பாட்டை மற்றவர்கள் வாங்கிக் கூடவே பாடாவிட்டால், எடுத்தவள் தொலைந்தாள்.

நொந்தாண்டோ எழுந்தாள். சர்ச் பாட்டு ஒன்றின் முதல் அடியைப் பிடித்தாள். குரல் பாதியில் பிளந்தது.

யாரும் வாங்கவில்லை.

"அடடே, மாப்பிள்ளையே பாடுறாரு!" என்றான் ம்சுகிசி.

மறுபடி அதே அடியை எடுத்தாள். இன்னும் உரக்க.

பதில் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. பெரிய பானைகளைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள். ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அடிக்குரல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேலே கூரையைத் தொடும் ஒன்று. பானை மூடிகளைக் கரண்டியால் தட்டியபடி உள்ளே நுழைந்தார்கள். நாற்காலிகளிலிருந்த பெண்களும் எழுந்தார்கள். கூடாரத் துணி அதிர்ந்தது. நொந்தாண்டோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் தொண்டையில் கீறலாகக் கிளம்பியதா இது?

ம்சுகிசியின் வாய் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"ஓரமா போ தம்பி, கோட்டுல குழம்பு பட்டுடும்" என்று அவன் காதில் கத்தினாள் ஒரு சமையல்காரி.

சிந்திஸ்வா எழுந்தாள். போய்விடப் போகிறாள் என்றே நொந்தாண்டோ நினைத்தாள். ஆனால் அவள் போனது மைக்கை நோக்கி. கையை நீட்டினாள். அவன் கொடுத்தான்.

பாட்டு முணுமுணுப்பாகத் தாழ்ந்து அவளுக்காகக் காத்திருந்தது.

"அண்ணே, நல்லா இரு. அண்ணி, எந்திரிங்க. வாங்க, ஆடலாம்."