அம்பாசடரா, ஃபியட்டா?

டீக்கடையில உக்காந்தா கண்ணுசாமிக்கு ஒரே பேச்சுதான். "ஏலே, அம்பாசடருக்கு ஆயிரத்து ஐந்நூறு சிசி எஞ்சின். ஃபியட்டுக்கு ஆயிரத்து நூறுகூட வராது. கிட்ட நிக்க முடியுமா?" என்பார். கேட்டுக் கேட்டு ஊருக்கே காது புளிச்சுப்போச்சு. ஆனா எவனாவது, "ஃபியட்டு கனமில்லாத வண்டி அண்ணாச்சி, சேத்துல அதுதான் போவும்" என்று சொல்லிட்டாப் போதும். மனுசன் மூஞ்சி செத்துரும். டீயைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சிருவார்.

சும்மாவா எந்திரிப்பார்? இருபது வருசத்துக்கு முந்தி, ஐப்பசி மழை வெறிச்ச மறுநா, பருத்திக்காட்டுல அவர் மக முத்துசெல்வியைப் பாம்பு கடிச்சிட்டு. வாசல்ல ரெண்டு வண்டியும் நின்னுச்சு. தம்பி கோபாலசாமி தன்னோட ஃபியட் சாவியை நீட்டினான். "புள்ள படுத்துக்கிட்டு வரணும்லே" என்று இவர் அம்பாசடரை எடுத்தார். நாகலாபுரம் ரோட்டுக்குப் போற வண்டிப்பாதையில, ஓடை தாண்டின முள்ளு உடைமரத்துக்கிட்ட, கரிசல் மண்ணு சக்கரத்துல அப்பி வண்டி அசைய மாட்டேன்னுட்டு. புள்ள அங்கனயே போயிட்டா.

"ஃபியட்டுல போயிருந்தா பொழச்சிருப்பா." எழவு வீட்டுல தம்பி சொன்ன அந்த ஒரு சொல்லு, பாவி மனுசனை இன்னைக்கு வரைக்கும் தூங்க விடலை.

இப்போ தம்பி அந்த ஃபியட்டை விக்கப்போறான். ரெண்டு நாளா நல்ல மழை வேற. தப்பான வண்டியை எடுத்துட்டோமா இல்லையான்னு தெரியாம சாகக்கூடாது என்று கண்ணுசாமி சாவியை வாங்கிட்டுக் கிளம்பிட்டார்.

ஓடை தாண்டுச்சு. உடைமரம் வந்துச்சு. ஃபியட்டும் பொதக்குனு உக்காந்துட்டு.

கண்ணுசாமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு. "பாத்தியாலே கோபாலு! இதுவும் போகலலே! எம்மேல தப்பில்ல!" என்று வெட்டவெளியைப் பாத்துக் கத்தினார். இருபது வருசப் பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. எறங்கி, உடைமரத்துல ஒரு குச்சியை ஒடிச்சு, குத்தவச்சு, சக்கரத்துல அப்பின மண்ணைச் சுரண்ட ஆரம்பிச்சார். இந்தப் பக்கத்து ஆளுக கரிசல்ல மாட்டினா செய்யுத வேலை அது. அன்னைக்கும் அதைத்தான் செஞ்சார். எதிர்த்தாப்புல ரோட்டுல ஒரு பஸ் போச்சு.

பின் சீட்டுல இருந்து குரல் வந்துச்சு.

"யப்பா."

கண்ணுசாமி குனிஞ்ச தலை நிமிராம இன்னும் வேகமாச் சுரண்டினார்.

"அன்னைக்கும் இப்படித்தான் மண்ணையே சுரண்டிக்கிட்டு இருந்தீய. ரோடு அந்தா தெரியுது. என்னையத் தூக்கிட்டு நடந்திருக்கலாம்லாப்பா?"